பிராடோ 120-க்கு சைனா எயார் பேக்: வாங்கியதும், வீட்டில் மாற்றியதும்

விபத்தில் விரிகிற எயார் பேக் இல்லை, பின்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்குகிற காற்றுப் பையைத்தான் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். ரப்பர் நல்லது, அதோடு பெட்டிக்குள் வருகிற சின்னச் சாமான்கள் மோசம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வெட்டிய ஒன்றரையும் காற்று ஒழுகாமல் அடைக்கிற ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கும், பையைப் பிடித்து வைக்கிற கிளிப்புக்கும்தான்.

வண்டி டொயோட்டா 120 பிராடோ. 2002-இல் வந்து 2009 வரை ஓடிய மொடல், அதனால் இங்கே ரோட்டில் இருக்கிற எதுவும் இன்றைக்கு இளசு இல்லை. எல்லா 120-இலும் எயார் கிடையாது, நிறைய வண்டிகளில் நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங்தான். பின்பக்கத்தைத் தூக்கவும் இறக்கவும் ஒரு சுவிட்சும் அதோடு ஒரு ஓஃப் பட்டனும் உள்ளே இருந்தால் உங்களுடையது எயார் வண்டி. அதிலும் முன்னால் சாதாரண காயில்தான் இருக்கும், பின் அக்சிலுக்கு மேல் மட்டும் இடமும் வலமுமாக இரண்டு ரப்பர் பை, அவற்றுக்குக் காற்றுக் கொடுக்க ஒரு கொம்ப்ரசர், உயரத்தை அளக்க சென்சர். இந்த இரண்டு பைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் நானுஓயாப் பக்கம். வண்டி ஹயர் ஓடுகிறது. ஸ்டேஷனில் இறங்குகிற ஆட்களை நுவரெலியாவுக்கும், விடியுமுன் பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்கும் கொண்டுபோவது வழக்கம், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை சீசனுக்கு நல்லதண்ணி வரை ஓட்டம். ஒரு நாள் இரண்டு பேரும் இரண்டு முதுகுப்பையும், மறுநாள் ஏழு பேரும் கூரை முட்டுகிற சாமானும். பின்பக்கத்தில் எயார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான், பாரம் இப்படி மாறிக்கொண்டே இருக்கிற வண்டிக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

புது வண்டி எடுக்கலாமே என்று சொல்கிறவர்கள் வங்கிக் கணக்கைத் தனியாக எழுதட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவுக்குள் வரி எவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இடையில் இருந்த அந்த ஐந்து வருடம்தான் மலைநாட்டில் பல பேரைப் பாதி மெக்கானிக் ஆக்கிவிட்டது, நானும் அதில் ஒருவன்.

சரி, பேக் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? காலையில் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். ஆனால் நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் பகலில் இருபது டிகிரி இருந்துவிட்டு விடியற்காலையில் ஐந்துக்கு இறங்கினால் பைக்குள் இருக்கிற காற்று சுருங்கும், பதினைந்து டிகிரிக்கு ஏறத்தாழ ஐந்து வீதம். அதனால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொஞ்சம் இறங்கி நின்று, ஸ்டார்ட் செய்ததும் கொம்ப்ரசர் சிறிது நேரம் ஓடிச் சரியாகிவிட்டால் அது நோய் இல்லை, குளிர். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால், அல்லது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையாத அளவுக்குப் படுத்திருந்தால், அது ஒழுக்கு. சன்லைட் சோப்பைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் பையின் கீழ் மடிப்பில் தடவிப் பாருங்கள். எனக்கு இடப்பக்கம் மடிப்பைச் சுற்றி வரிசையாக நுரை பொங்கியது. ரப்பரை விரலால் விரித்தால் உள்ளே நூல் தெரிகிற அளவுக்கு வெடிப்பு. வலப்பக்கம் வெடிப்பு அவ்வளவு இல்லை, ஆனால் அதே வயதுப் பை, அதற்கும் நாள் எண்ணப்பட்டாயிற்று.

இதைப் பார்த்தும் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒழுகுகிற பை உங்களை நடுரோட்டில் விடாது, கொம்ப்ரசரைத்தான் கொல்லும். ஓயாமல் காற்றடித்து அது சூடேறும். போதாததற்கு நாங்கள் இருப்பது உயரத்தில். நுவரெலியா 1868 மீட்டர், அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கொம்ப்ரசர் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்தளவு குறைவாகத்தான் கிடைக்கிறது. அதே பையை நிரப்பக் கொழும்பை விட இங்கே அது கூட நேரம் ஓடவேண்டும். கொம்ப்ரசர் விலையைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் பை விலை சில்லறையாகத் தெரியும்.

கராஜில் காட்டினால் வருகிற முதல் யோசனை எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, மலைநாட்டுக்கு எயார் சரிவராது, கழட்டிட்டு காயில் போட்டுடுவோம்." நல்ல நோக்கத்தில்தான் சொல்கிறார்கள், செய்தும் தருகிறார்கள், காயிலுக்கு மாற்றியபின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால் சொல்கிற காரணம் பிழை. ஏற்ற இறக்கம் பையைக் கெடுப்பதில்லை. மடிப்புக்குள் சிக்குகிற சேறும் சின்னக் கல்லும்தான் கெடுக்கிறது, அதைக் கழுவாமல் வருடக்கணக்கில் ஓட்டினால் கெடுகிறது. காயிலில் எனக்கு இருக்கிற மனக்குறை வேறு. ஏழு பேர் பாரத்துக்குத் தாங்குகிற ஸ்பிரிங் போட்டால் வெறும் வண்டியில் தோட்டத்து ரோட்டில் குதித்துக்கொண்டே போகும், மெதுவான ஸ்பிரிங் போட்டால் பாரத்தோடு பின்பக்கம் குந்திவிடும். குந்தினால் ஹெட்லைட் மேலே ஏறும். றம்பொடையில் மூடுபனி இறங்கிய நேரம் எதிரே இப்படி ஒரு வண்டி வந்தால் எப்படி இருக்கும் என்று அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொந்தப் பாவனைக்கு, பெரும்பாலும் ஒரே பாரத்தில் ஓட்டுகிற ஆளாக இருந்தால் காயிலுக்குப் போங்கள், ஒன்றும் குடிமுழுகாது. ஹயருக்கு ஓடுகிற வண்டிக்கு நான் மாற்றமாட்டேன்.

ஆக பை. ஒரிஜினல் விலையை விசாரித்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன். ரீகண்டிஷன் பை வேண்டாம் என்பது என் கருத்து, ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகும், ஜப்பானில் கழற்றி இங்கே வந்து கடை அலுமாரியில் கிடந்த பையில் எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. மிஞ்சியது சைனா சாமான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் சொல்லி எடுத்தேன், ஜோடியாக, ஒரிஜினல் ஒன்றின் விலையில் பாதிக்கும் குறைவு.

கடையைப் பற்றியும் இரண்டு வார்த்தை, பெயர் வேண்டாம். போனில் பேசிய பையன் கெட்டிக்காரன், சேஸி நம்பரைக் கேட்டான், இடமும் வலமும் வேறு வேறு என்பதைத் தானாகவே சொன்னான், படம் அனுப்பி ஒப்பிடச் சொன்னான். அதுவரைக்கும் முழுப் புள்ளி. மறுநாள் நுவரெலியா பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார்கள். பார்சல் வந்தபிறகு கிளிப் ஒன்று குறைகிறது என்று அழைத்தால் முதலாளி பேசினார், அவருக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. "தம்பி, பழைய கிளிப்பையே போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க." பழைய கிளிப் பதினைந்து வருடம் சேற்றில் கிடந்து துருப்பிடித்து, கழற்றும்போதே ஒரு கால் முறிந்துவிட்டது. கடைசிவரை அந்தக் கிளிப் அனுப்பப்படவில்லை, கண்டி டவுனில் தேடி வாங்கினேன்.

பெட்டியில் இருந்தது இரண்டு பை, ஒரு ப்ளாஸ்டிக் உறையில் ஓ-ரிங்குகள், அந்த அரைகுறைக் கிளிப்புகள். எப்படிப் பூட்டுவது என்று ஒரு துண்டுத் தாள் கூட இல்லை. பை நன்றாக இருந்தது, சுவர் தடிப்பு, கையால் அமுக்கினால் ஒரே சீராக மடிகிறது, கீழே இருக்கிற ப்ளாஸ்டிக் இருக்கையில் பிசிறு இல்லை, மேல் மூடியில் பைப் வந்து சேருகிற துளை சுத்தமாகக் கடைந்திருக்கிறது. ஓ-ரிங் மட்டும் கையில் எடுத்தபோதே பிடிக்கவில்லை. காய்ந்த ரப்பர், இழுத்தால் திரும்பிவரச் சோம்பல்படுகிறது. குளிர்காலத்து விடியலில் முதலில் ஒழுகப்போவது இதுதான் என்று பட்டது. ஹைட்ரோலிக் சாமான் விற்கிற கடைக்குப் பழையதைக் கொண்டுபோய் அதே விட்டம், அதே தடிப்பில் நல்ல ஓ-ரிங் வாங்குங்கள், விலை ஒரு டீ, ஒரு வடைக் காசுக்கு மேல் வராது. வாங்கியதைச் சிலிக்கோன் கிரீஸ் தடவிப் போடவேண்டும், வீட்டில் கிடக்கிற சாதாரண கிரீஸ் வேண்டாம்.

இனி வேலை. கஷ்டமான வேலை இல்லை, ஆனால் வண்டிக்கு அடியில் படுக்கிற வேலை, அதுவும் எங்கள் பக்கம். சமதரையில் வாசல் இருக்கிற வீடு மலைநாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது? சரிவில் இதைச் செய்யவே கூடாது. என் வீட்டு வாசலும் சரிவுதான், அதனால் தெரிந்த ஒருவருடைய லொறி நிறுத்துகிற கொங்கிரீட் தளத்தில் செய்தேன். தளம் இல்லாவிட்டால் மழை இல்லாத நாளாகப் பார்த்து இறுகிய மண்ணில், ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போட்டுச் செய்யலாம். தென்மேற்குப் பருவ மழை பிடித்த மாதங்களில் மண் தரையில் முயற்சி வேண்டாம், ஸ்டாண்ட் மெதுவாக உள்ளே இறங்குவது கண்ணுக்குத் தெரியாது.

ஜாக் வைக்குமுன் அந்த ஓஃப் பட்டனை அமுக்குங்கள். அமுக்காமல் தூக்கினால் சிஸ்டம் தன் பாட்டுக்கு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும், நீங்கள் அடியில் இருக்கும்போது அது தேவையில்லாத வேலை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. டிஃபரன்ஷியலுக்கு அடியில் டிரொலி ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் இரண்டையும் சேஸியில் கொடுங்கள், அக்சிலில் அல்ல. அக்சில்தான் கீழே இறங்கவேண்டும், அதில் முட்டுக் கொடுத்தால் பை வெளியே வர இடம் இருக்காது. ஜாக்கை எடுத்துவிடாமல் அக்சிலுக்குத் தாங்கலாக விட்டுவைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள், ஸ்டாண்ட் ஏமாற்றினால் அது காப்பாற்றும். கல், செங்கல் வைத்து முட்டுக் கொடுத்து வேலை பார்க்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

காற்றை விடுவது அடுத்தது. பையின் தலையில் பைப் வந்து சேருகிற இடத்தைச் சுற்றி முதலில் பிரஷ்ஷால் மண்ணைத் துப்புரவாக்குங்கள், ஒரு மணல் துளி உள்ளே போனால் புது ஓ-ரிங்கும் ஒழுகும். பிறகு மெதுவாகக் கழற்றினால் உஸ் என்று காற்று போகும். முகத்தை நேரே வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், கண்ணாடி போடுங்கள். முழுவதும் போய் அடங்கியபிறகுதான் பையில் கை வைக்கவேண்டும். உயர சென்சரின் கம்பியைக் கழற்றிவிடுங்கள், அக்சில் இறங்கும்போது அது வளைந்தால் வண்டி வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஷொக் அப்சோபரின் கீழ் போல்ட்டையும் எடுத்தால் அக்சில் இன்னும் கொஞ்சம் இறங்கும். எங்கள் ஈரத்துக்கு அந்த போல்ட் லேசில் வராது, முந்திய நாள் இரவே துருப்போக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ஜாக்கை இறக்கும்போது மருமகனை பிரேக் ஹோஸ் பக்கத்தில் உட்கார்த்தி, அது இழுபட்டால் உடனே சத்தம்போடு என்று சொல்லியிருந்தேன். தனியாகச் செய்யக்கூடாத இடம் இது ஒன்றுதான்.

மேலே சேஸியைப் பிடித்திருக்கிற கிளிப்பை எடுத்துவிட்டால் பழைய பை கையோடு வந்துவிடும். புதியது போவதும் அதே வழி. இங்கேதான் நிதானம் தேவை. பையின் கீழ்ச்சுவர் சட்டைக் கையைச் சுருட்டியது மாதிரி வெளிப்பக்கமாக உருண்டு மடிந்திருக்கவேண்டும், ஒரு இடத்தில் கூட உள்ளே சுருங்கியோ முறுக்கியோ இருக்கக்கூடாது. மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றும் பாருங்கள். முறுக்கோடு பூட்டிய பை வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், பிறகு அந்த முறுக்கில் இருந்தே வெடிக்கும்.

காற்று இல்லாத பையின் மேல் வண்டியை இறக்குவதுதான் புதுப்பையைக் கொல்ல மிக விரைவான வழி. மடிப்பு நசுங்கி, இரும்புக்கும் ப்ளாஸ்டிக்குக்கும் நடுவில் ரப்பர் கடிபடும். எல்லாவற்றையும் பூட்டி, சென்சர் கம்பியையும் ஷொக் போல்ட்டையும் மாட்டி, அக்சிலை ஜாக்கால் வழக்கமான உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, சேஸி இன்னும் ஸ்டாண்டிலேயே இருக்க, அடியில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓஃப் பட்டனை விடுவியுங்கள். கொம்ப்ரசர் ஓடும். எங்கள் உயரத்தில் அது நீண்ட நேரம் ஓடுகிற மாதிரித் தெரியும், பயப்பட வேண்டாம், ஆனால் தொட முடியாத சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். பை இறுகியதும் எஞ்சினை நிறுத்தி மறுபடி சோப்புத் தண்ணீர், இந்த முறை பைப் சேருகிற தலைப்பகுதியில். நுரை வராவிட்டால் மட்டும் சக்கரத்தைப் போட்டு இறக்கலாம். அலாய் வீல் நட்டுக்கு மேனுவல் சொல்வது 112 நியூட்டன் மீட்டர், டோர்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் டயர் கடையில் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரில் ஏறி நின்று மிதிக்க வேண்டாம்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே மாற்றினேன். ஒரு பை மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள், வாங்கிய பிறகு எப்படியும் மற்றதற்காக மறுபடி அதே தளத்தில் அதே போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஓட்டத்தில் எப்படி? சீசன் முழுக்க ஓடியாயிற்று. நோர்வூட், மஸ்கெலியாப் பக்கக் குழிகளில் ஏழு பேரோடு போனாலும் பின்பக்கம் அடியில் முட்டுகிற சத்தம் இல்லை. வெறும் வண்டியில் ஒரிஜினல் புதிதாக இருந்தபோது இருந்த மென்மை வரவில்லை என்பது உண்மை, சிறு மேடுகளில் லேசாக உதறல் தெரிகிறது, பின்சீட்டில் இருப்பவர் கவனிப்பார், டிரைவருக்குத் தெரியாது. ரப்பர் நாற்றம் முதல் சில நாள் உள்ளே வந்தது, பிறகு போய்விட்டது. விடியற்காலைக் குளிரில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் நிற்கிறது, சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. கினிகத்தேனைப் பக்கமாகக் கீழே கொழும்புக்கு இறங்கிப் போகும்போது உயரம் மாறுமோ என்று ஒரு நண்பர் கேட்டார். வெளி அழுத்தம் கூடுவதால் பை சுருங்கப் பார்க்கும், வெப்பம் கூடுவதால் விரியப் பார்க்கும், ஒன்றை ஒன்று பெருமளவு ஈடுகட்டிவிடும், மிச்சத்தை சென்சர் பார்த்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது.

எத்தனை வருடம் உழைக்கும் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது, சொல்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம். ஒரிஜினல் உழைத்ததில் பாதி உழைத்தாலும் காசுக்கு நான் லாபம்தான். கழற்றிய வலப்பக்கப் பையில் ஒழுக்கு இல்லாததால் வீசாமல் ஸ்டோர் ரூமில் தொங்கவிட்டிருக்கிறேன், நடுச்சீசனில் ஏதும் நடந்தால் அவசரத்துக்கு ஆகும்.

கழுவுகிற விஷயம் ஒன்று பாக்கி. நல்லதண்ணி ரோட்டுச் சேற்றில் ஓடிவந்தால் அடுத்த நாளே பை மடிப்பைச் சாதாரண ஹோஸ் தண்ணீரால், பின்பக்கத்தை உயர்த்தும் சுவிட்சைப் போட்டு மடிப்பு விரிந்த நிலையில் எஞ்சினை நிறுத்தி, வெளியில் இருந்தே கழுவுங்கள். பிரஷர் வோஷரைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் மண் இன்னும் உள்ளே போகும். சேர்விஸ் ஸ்டேஷன் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் அழகாகச் செய்கிறார்கள், சொல்லாவிட்டால் பொனட்டை மட்டும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கிச் சாவியைக் கையில் தந்துவிடுகிறார்கள்.